வீழ்ச்சியும் விலங்கும்

மறதிநோய்க்கு ஆளான முதியவர் ஒருவர் கதிரையை விட்டு எழ முற்படுகின்றார். அருகிலிருக்கும் மகளோ மருமகளோ விரைந்து சென்று அவரது தோளை அழுத்தி, "எழும்பாதேங்கோ அப்பு, விழுந்து போவியள்" என்று கூறி மீண்டும் இருத்திவிடுகின்றாள். ஒரே நாளிற் பத்து முறையும் இருபது முறையும் நிகழும் இச் செயலை எவரும் குற்றமென்று கூறார், பரிவென்றே கூறுவர். அவ்வாறு கூறுவோரைப் பழிப்பது எமது நோக்கமன்று. ஆயினும், எழுந்து நடத்தல் என்பது மனிதனிடம் கடைசிவரை எஞ்சி நிற்கும் சுதந்திரங்களுள் ஒன்று என்பதை ஒப்புக்கொள்வோமாயின், அதனை ஒருவரிடமிருந்து எடுத்துக்கொள்வதற்குப் பரிவு என்னும் ஒரு சொல் போதிய நியாயமாகுமா என்னும் வினா எழவே செய்யும்.

இலக்கியமும் அரசியலும் பேசவேண்டிய ஏட்டிற் கிழவர்களின் கால்களைப் பற்றிப் பேசுவானேன் என்று வாசகர் சிலர் நினைத்தல் கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி 2021 ஆம் ஆண்டில் உலகில் 5 கோடியே 70 இலட்சம் மக்கள் மறதிநோயுடன் வாழ்ந்தனர். அவர்களுள் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டோர் வருமானத்தாற் குறைந்த, நடுத்தர நாடுகளைச் சேர்ந்தோர். கீழே விழுந்து இறப்போர் ஆண்டுதோறும் 684,000 பேர் என அதே நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவ்விறப்புக்களில் ஐந்தில் நான்குக்கு மேலானவை இத்தகைய நாடுகளிலேயே நிகழ்கின்றன. எமது நாட்டில் 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போதே மக்களில் 12.4 வீதத்தினர் அறுபது வயதை எட்டியோராயிருந்தனர். ஆயின் எண்ணிக்கை பெரிதென்பதற்காக மாத்திரம் இதனை ஈண்டு எடுத்துக்கொள்ளவில்லை. தன்னைத் தானே காத்துக்கொள்ள இயலாத ஒருவனுக்குச் சமுதாயம் எவ்வளவு கடமைப்பட்டுள்ளது, அக் கடமையை நிறைவேற்றுவதற்கான உழைப்பை யார் தருவது என்னும் கேள்விகள் இதனுள்ளே அடங்கியுள்ளன. அவை எமது ஏட்டிற்கு அந்நியமான கேள்விகள் அல்ல.

மறதிநோய் என்று நாம் வழங்கினும் - வைத்தியர் டிமென்சியா என்பர் - அது மறதி மாத்திரமன்று. 1906 ஆம் ஆண்டில் ஜேர்மன் வைத்தியரான அலோயிஸ் அல்சைமர் தம்மிடம் சிகிச்சை பெற்று இறந்த பெண்ணொருத்தியின் மூளையை ஆராய்ந்து அறிக்கை செய்த காலந்தொட்டு, நினைவிழப்பே இந் நோயின் முகமாகக் கொள்ளப்பட்டு வந்துள்ளது. நடை என்பது கால்களின் வேலை, நினைவு என்பது மூளையின் வேலை என்று பிரித்துப் பார்ப்பது எமக்கு எளிதாயிருக்கின்றது. உண்மை அவ்வாறன்று. சுவீடனின் உமியோ நகரில் ஆய்வாளர் சிலர் 1997 இல் வெளியிட்ட சிறு ஆய்வொன்று இதனை அழகாகக் காட்டிற்று. 58 முதியோர் நடந்துகொண்டிருக்கையில் அவர்களுடன் பேச்சுக் கொடுக்கப்பட்டது. பெரும்பாலோர் நடந்தவாறே விடை கூறினர். பன்னிருவர் மாத்திரம் விடை கூறுவதற்காக நின்றுவிட்டனர். அடுத்த ஆறு மாதங்களுள் அப் பன்னிருவரிற் பத்துப் பேர் கீழே விழுந்தனர். நடப்பதற்கும் பேசுவதற்கும் ஒருங்கே கவனஞ் செலுத்த இயலாத மூளை, தன் முழுக் கவனத்தையும் நடையிலே செலவிட்டுக்கொண்டிருந்தது என்பதே இதன் பொருள். அத்தகையவர் வழியிற் பூனை குறுக்கிட்டாலும், யாரேனும் பின்னின்று அழைத்தாலும் நிலை தவறிவிடுதல் இயல்பே.

இவற்றோடு வேறு காரணங்களும் சேருகின்றன. படியின் விளிம்பையும் தரையின் நிழலையும் கண் பிரித்தறியத் தவறுகின்றது. எழுந்து நின்றதும் இரத்த அழுத்தம் சட்டெனக் குறைகின்றது. இரவில் அமைதியாகக் கிடக்கட்டும் என்று கொடுக்கப்படும் நித்திரைக் குளிசை விடிந்த பின்னரும் கால்களைத் தடுமாற வைக்கின்றது. மலசலகூடத்திற்குச் செல்லவேண்டும் என்பதைச் சொல்லத் தெரியாமல் எழுந்தோடுகின்றவர்களும் பலர். மறதிநோய் இல்லாத ஒத்த வயதினரிலும் பார்க்க இவர்கள் விழுவது ஏறத்தாழ இருமடங்கு அதிகம். விழுந்து இடுப்பெலும்பு முறிந்த முதியோரில் ஐந்தில் ஒருவரோ, சில இடங்களில் மூவரில் ஒருவரோ ஓராண்டு முடிவதற்குள் இறந்துபோகின்றனர். மகளின் அச்சம் வீண் அச்சமன்று.

இவ்வச்சத்திற்கு நிறுவனங்கள் கண்ட பரிகாரத்தை நோக்குவோம். ஐக்கிய அமெரிக்காவின் முதியோர் பராமரிப்பு நிலையங்களில் 1980களில் வாழ்ந்தோரில் ஐந்தில் இருவர் அளவில் ஏதோ ஒரு முறையிற் கட்டிவைக்கப்பட்டிருந்தனர் எனக் கணிக்கப்பட்டது. இடுப்புப் பட்டி, மார்புக் கச்சை, கதிரையின் முன்னே பூட்டப்படும் பலகை, எழ இயலாதவாறு பின்சாய்ந்த இருக்கை என அவை பல வகையின. நோயாளியின் பாதுகாப்புக்கே இது என்று எல்லோரும் மனதார நம்பினர். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் தாதியியல் அறிஞர்களான லோயிஸ் எவன்ஸ், நெவில் ஸ்றம்ப் ஆகிய இருவரும் 1989 இல் வெளியிட்ட ஆய்வுரை அந் நம்பிக்கைக்கு ஆதாரமுண்டா என்று வினவியது. ஆதாரம் கிடைக்கவில்லை. மூன்று ஆண்டுகளின் பின் மேரி ரினெற்றி என்னும் வைத்திய அறிஞரும் அவருடைய சகாக்களும் கனெற்றிக்கட் மாநிலத்தின் பன்னிரண்டு நிலையங்களில் 397 பேரைத் தொடர்ந்து அவதானித்து எழுதினர்: கட்டப்படாதிருந்தோரில் 5 வீதத்தினருக்கு விழுகையாற் பாரதூரமான காயம் ஏற்பட்டது, கட்டப்பட்டோரில் 17 வீதத்தினருக்கு ஏற்பட்டது. கட்டப்பட்டோர் தொடக்கத்திலேயே பலவீனராயிருந்திருக்கலாம் என்னும் ஆட்சேபம் நியாயமானதே. அதனை ஆய்வாளரும் கருத்திற்கொண்டனர். எவ்வாறு கணக்கிட்டுப் பார்த்தபோதும், கட்டுதல் காயத்தைத் தடுத்தது என்று காட்டுவதற்கு எதுவும் அகப்படவில்லை.

ஏன் தடுக்கவில்லை என்பதற்கு விடை எளிது. நடக்காத கால் நடக்க மறக்கும். ஆரோக்கியமான முதியோர் பத்து நாட்கள் படுக்கையிலேயே கிடந்தபோது அவர்களின் கால்களிலிருந்து மாத்திரம் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் தசை கரைந்துபோயிற்று என்பதை 2007 இல் வெளியான அமெரிக்கப் பரிசோதனையொன்று காட்டியது. நோயுற்றவர் பத்து மாதங்கள் கட்டுண்டிருந்தால் என்னவாகும் என்பதைக் கூறத் தேவையில்லை. கட்டு அவிழ்க்கப்படும் ஒரு கணத்தில், குளிக்கவோ உடை மாற்றவோ எழும் அந்தக் கணத்தில், அவர் முன்னிலும் எளிதாக விழுகின்றார். கட்டுக்குள் இருந்து நழுவ முயன்று, பட்டியிலே கழுத்து இறுகி இறந்தோரும் உளர். விழுகையைத் தடுப்பதற்கென வந்த கருவியே விழுகையை உற்பத்தி செய்கின்றது.

இந்த இடத்தில் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்த்தல் பயனுடைத்து. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்திற் பித்தரின் சங்கிலிகளை அறுத்தெறிந்தவர் பிலிப் பினெல் என்னும் வைத்திய மேதை என்பது பாடப்புத்தகக் கதை. 1876 இல் வரையப்பட்ட புகழ்பெற்ற ஓவியமொன்றும் அவரையே நடுநாயகமாக நிறுத்துகின்றது. பாரிஸின் பிசெத்ர் வைத்தியசாலையில் 1797 இல் அச் சங்கிலிகளை உண்மையில் நீக்கியவர் புசேன் என்பவர். அவர் வைத்தியரல்லர், தோல் பதனிடும் தொழிலாளியாயிருந்து, கண்டமாலை நோயுற்று அதே வைத்தியசாலைக்கு நோயாளியாக வந்து, பின்னர் அங்கேயே மேற்பார்வையாளரானவர். (தொழிலாளியின் செயல் பண்டிதரின் பெயரில் வரவு வைக்கப்படுவது உலகெங்கும் உள்ள வழமை போலும்.) சங்கிலி போன இடத்தில் துணிக் கச்சை வந்தது என்பதையும் மறைத்தலாகாது. முழுமையாகக் கட்டை ஒழித்தவர் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் 1838 இற் பணியாற்றிய றொபேட் காடினர் ஹில். அடுத்த ஆண்டில் ஜோன் கொனொலி ஹான்வெல்லிலே பெரிய நிலையமொன்றில் அதனைச் செய்து காட்டினார். இங்கே எமக்கு வேண்டியது ஹில்லின் வாதம். தகுந்த கட்டிடமும் போதிய எண்ணிக்கையிற் பணியாளரும் இருப்பின் கட்டுதல் ஒருபோதும் தேவைப்படாது என்றார் அவர். நோயின் தன்மையிலன்று, ஆட்களின் பற்றாக்குறையிலேதான் கயிற்றின் தேவை பிறக்கின்றது என்னும் உண்மையை அவர் அன்றே கண்டுகொண்டார். நூற்றைம்பது ஆண்டுகளின் பின்னர், பணக்கார நாடொன்றின் முதியோர் நிலையங்களிற் கயிறு மீண்டும் வந்து சேர்ந்தமைக்கும் காரணம் அதுவே. 1987 இல் அந் நாட்டில் நிறைவேறிய பராமரிப்பு நிலையச் சீர்திருத்தச் சட்டம், தண்டனைக்காகவோ பணியாளரின் வசதிக்காகவோ எவரையும் கட்டலாகாது என்று விதித்தது. 'வசதிக்காக' என்ற சொல்லைச் சட்டத்திற் சேர்க்கவேண்டியிருந்தமையே ஒரு வாக்குமூலம்.

கட்டை அவிழ்த்தாற் போதுமா? போதாது. அவிழ்க்கப்பட்ட கால்களுக்கு வலு வேண்டும். தேகாப்பியாசம் என்றதும் எம்மவர் இளைஞரையும் பாடசாலை மைதானத்தையும் நினைக்கின்றனர். எண்பத்தேழு வயதுக் கிழவியை நினைப்பதில்லை. 1994 இல் பொஸ்டன் நகரின் முதியோர் நிலையமொன்றில் மரியா பியற்றறோனும் சகாக்களும் நூறு பேரைக் கொண்டு ஒரு பரிசோதனை செய்தனர். அவர்களின் சராசரி வயது 87. பத்து வாரங்கள் பாரந் தூக்கும் பயிற்சி பெற்றோரின் தசைவலு இருமடங்குக்கு மேலாகிற்று. நடையின் வேகமும் கூடிற்று. முதுமை என்பது திரும்பாத வீழ்ச்சி என்னும் எண்ணத்தை அப் பரிசோதனை அசைத்தது.

மறதிநோயுற்றோரைப் பொறுத்தவரை கதை இவ்வளவு இனிமையானதன்று. அதனையும் சொல்லியே ஆகவேண்டும். பின்லாந்தில் அல்சைமர் நோயாளரும் அவர்களைப் பராமரிக்கும் வாழ்க்கைத் துணைவருமாக 210 தம்பதியரைக் கொண்டு நடத்தப்பட்டு 2013 இல் வெளியான ஆய்வு நம்பிக்கை தருவது. கிழமைக்கு இரு தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு மணித்தியாலம், ஓராண்டு முழுவதும் பயிற்சி அளிக்கப்பட்டது. ஒரு பகுதியினருக்குப் பயிற்சியாளர் வீட்டுக்கே வந்தார். இன்னொரு பகுதியினர் குழுவாகப் பயின்றனர். இரு பகுதியினரும் பயிற்சி பெறாதோரிலும் குறைவாகவே விழுந்தனர். வீட்டிற் பயின்றோர் தம் வேலைகளைத் தாமே செய்யும் ஆற்றலை மெதுவாகவே இழந்தனர். பராமரிப்பின் மொத்தச் செலவும் கூடவில்லை. ஆனால் இங்கிலாந்தின் நியூகாசிலில் 2003 இல் வெளியான ஆய்வில், விழுந்து வைத்தியசாலைக்கு வந்த 274 மறதியுற்றோரில், பலமுனைச் சிகிச்சை பெற்றவர்களில் 74 வீதத்தினரும், பெறாதவர்களில் 80 வீதத்தினரும் அடுத்த ஓராண்டில் மீண்டும் விழுந்தனர். அவ் வித்தியாசம் பொருட்படுத்தத் தக்கதன்று என ஆய்வாளரே கூறினர். அந் நாட்டிலேயே 2018 இல் வெளியான மற்றொரு பெரிய ஆய்வு, கடும் பயிற்சி நோயாளரின் உடல் வலுவைக் கூட்டியபோதும் நினைவாற்றலின் சரிவைத் தடுக்கவில்லை என்று காட்டியது. தேகாப்பியாசத்தால் மறதிநோய் குணமாகும் என்று விளம்பரஞ் செய்வோர் பொய் கூறுகின்றனர். அது மனிதனை எழுந்து நிற்கச் செய்யும், சிலரைச் சில விழுகைகளிலிருந்து காக்கும், அவ்வளவே. அவ்வளவு என்பது சிறிதா என்பதை மலசலகூடத்திற்குத் தானே நடந்துபோக முடிந்தவரும், போக முடியாதவரும் அறிவர்.

இப் பயிற்சியின் உள்ளியல்பு ஒன்று எமது விவாதத்திற்கு மிக முக்கியமானது. கதிரையில் இருந்தவாறு கைகளை ஆட்டுவதால் விழுகை குறைவதில்லை. கைப்பிடியைப் பற்றாமல் எழுந்து இருத்தல், ஒரு பாதத்தை மற்றதன் முன்னே நேராக வைத்து நிற்றல், பக்கவாட்டில் அடிவைத்தல், திரும்புதல், படியில் ஏறி இறங்குதல் என்றவாறு, உடலின் சமநிலையைச் சோதிக்கும் பயிற்சிகளே பயன் தருகின்றன. அதாவது, பயில்பவர் சற்றே தள்ளாட வேண்டும். தள்ளாடாத பயிற்சி, பயிற்சியன்று. விழுவதற்கான சாத்தியத்தை முற்றாக நீக்கிவிட்டு விழாமையைக் கற்பிக்க முடியாது. ஆதலின் அருகில் ஒருவர் நிற்க வேண்டும். இடுப்பை அணைத்தாற்போல், பற்றாமலும் கைவிடாமலும் நிற்க வேண்டும். கற்பிக்கும் முறையும் வேறு. நீண்ட விளக்கங்கள் மறதியுற்றவர் மனதில் நில்லா. செய்து காட்டினாற் செய்வார். ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், ஒரே முகத்துடன் திரும்பத் திரும்பச் செய்தால் உடல் அதனைப் பற்றிக்கொள்ளும். பெயர்களை மறந்தவரின் கை வலைபின்ன மறப்பதில்லை. பேரப்பிள்ளையை அறியாதவள் சுளகைக் கையிற் கொடுத்தால் அரிசி புடைக்கின்றாள். உடலின் நினைவு மனதின் நினைவிலும் நெடிது வாழ்வது. ஆசிரியத் தொழில் செய்வோர் இதனை எளிதில் உணர்வர்.

இனி மெய்யியல் வினாவுக்கு வருவோம். ஜோன் ஸ்ருவேட் மில் 1859 இல் வெளியிட்ட சுதந்திரம் பற்றிய நூலில் ஒரு பாலத்தை உதாரணமாகக் காட்டுகின்றார். இடிந்துவிழும் நிலையிலுள்ள பாலமொன்றின்மீது ஒருவன் அறியாமல் அடிவைக்கப் போகின்றான், எச்சரிக்க நேரமில்லை. அவனைப் பிடித்து இழுப்பது அவனுடைய சுதந்திரத்தைப் பறிப்பதாகாது. ஏனெனில் ஆற்றில் விழுவது அவன் விருப்பமன்று என்கின்றார். முதியவரைக் கதிரையில் அழுத்துவோர் அனைவரும் அறிந்தோ அறியாமலோ இப் பாலத்தையே சாட்சிக்கு அழைக்கின்றனர். ஆனால் மில் அங்கே நின்றுவிடவில்லை. கேடு நிச்சயமாயின் தடுக்கலாம். கேடு நேரக்கூடும் என்ற ஆபத்து மாத்திரம் இருக்குமாயின், அதனை ஏற்பதா விடுவதா என்பதைத் தீர்மானிக்கத் தக்கவன் அவனேயாதலால், அவனை எச்சரிக்கலாமேயன்றித் தடுத்தலாகாது என்பது அவர் முடிபு. முதியவர் எழுவதில் இருப்பது நிச்சயமான கேடன்று, ஆபத்தே. எனவே மில்லின் பாலம் எமது கதிரையைத் தாங்காது.

ஆனால் மில் ஒரு விலக்கும் வைக்கின்றார். சிறுபிள்ளைகளுக்கும் சித்தப் பிரமையுற்றோருக்கும் இச் சுதந்திரம் பொருந்தாது என்கின்றார். அதே நூலின் முற்பகுதியில், தம்மைத் தாமே ஆளும் பக்குவம் எய்தாதோரின் வரிசையிற் 'பின்தங்கிய' சமுதாயங்கள் முழுவதையும் சேர்த்து, அவற்றை ஆள்வதற்கு எதேச்சாதிகாரமே ஏற்றது என்றும் எழுதுகின்றார். எழுதியவர் முப்பத்தைந்து ஆண்டுகள் கிழக்கிந்தியக் கம்பனியில் உத்தியோகம் பார்த்தவர் என்பதை நினைவிற் கொள்வோம். 'உனக்கு நன்மை எது என்று உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்' என்னும் வாசகத்தை நூற்றாண்டுகளாகக் கேட்டுப் பழகிய மக்கள் நாம். அந்த வாசகத்தை எவர் உச்சரித்தபோதிலும், அதனாற் பயன்பெறுவோர் யார் என்று கேட்கும் வழக்கத்தை நாம் கைவிடலாகாது.

உவமையை எல்லைமீறி இழுப்பதும் தவறு. அடிமைப்பட்ட மக்களுக்குத் தம் நன்மை தெரிந்தேயிருந்தது. கடும் மறதியுற்றவர் ஆபத்தை நிறுத்துப் பார்க்க இயலாதவர் என்பது உண்மை. ஆயின் ஆபத்தை நிறுக்க இயலாதவருக்கு விருப்பமே இல்லை என்று கொள்வது பெரும் பிழை. அவர் எழுவதற்குக் காரணமிருக்கின்றது. கிணற்றடிக்குப் போக வேண்டும். மாட்டை அவிழ்க்க வேண்டும். பிள்ளை பள்ளிக்கூடத்தால் வரும் நேரமாகிவிட்டது. அந்த மாடு செத்து முப்பது வருடங்களாயிருக்கலாம். அந்தப் பிள்ளைக்குத் தலை நரைத்திருக்கலாம். காரணம் பழையதேயன்றிப் பொய்யானதன்று. வாழ்நாள் முழுவதும் உழைத்த உடல் தன் கடமையைத் தேடி எழுகின்றது. அதனை 'அலைதல்' என்று நோய்க்குறிப்பில் எழுதிவிட்டால் எமது வேலை இலகுவாகிவிடுகின்றது. தீர்மானிக்கும் ஆற்றல் ஒருவருக்குக் குறைந்திருப்பின் அவரது விருப்பத்தை அறிவதற்கு நாம் மேலும் முயல வேண்டும் என்பதே அதிலிருந்து பெறத்தக்க முடிவு. விருப்பத்தைப் புறக்கணிக்கலாம் என்பது அதிலிருந்து பிறக்கும் முடிவன்று.

அப்படியாயின் இவ்வளவு ஆய்வுகளின் பின்னரும் இருத்திவைத்தல் ஏன் நிலைத்திருக்கின்றது? எனது அபிப்பிராயத்தில் இதற்கு விடை கணக்கு எழுதும் முறையிலே உள்ளது. விழுகை ஒரு நிகழ்ச்சி. அதற்கு நாளும் நேரமும் உண்டு, கண்டவர் உண்டு, 'யார் பொறுப்பு' என்ற கேள்வி உண்டு. தசை கரைவதற்கு நாளில்லை, நேரமில்லை, சாட்சியில்லை. இருந்த இடத்திலேயே ஈராண்டு இருந்து, எழும் சக்தியை இழந்து, படுக்கைப் புண் கண்டு, சளி பிடித்து இறந்தவரின் மரணத்திற்கு எவரும் விளக்கங் கேட்பதில்லை. 'வயது போய்விட்டது' என்று கூறி அடக்கஞ் செய்துவிடுகின்றோம். ஐக்கிய அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகெயர் காப்புறுதித் திட்டம், வைத்தியசாலையில் விழுந்து காயமுற்றோருக்கான மேலதிகச் செலவை இனி வழங்குவதில்லை என்று 2008 ஒக்டோபரிலிருந்து விதித்தது. நோக்கம் நல்லதாயிருக்கலாம். விளைவு என்ன? விழுகைக்குத் தண்டம் உண்டு, அசையாமைக்குத் தண்டமில்லை என்ற நிலையில் நோயாளரைக் கட்டிலோடு வைத்திருப்பதே நிர்வாகத்திற்கு இலாபமாயிற்று என்று 2017 இல் அந்நாட்டு வைத்தியர் சிலரே எழுதினர். கயிற்றின் இடத்தைப் படுக்கையின் எச்சரிக்கை மணி பிடித்துக்கொண்டது. மற்றொரு புறத்தில் மருந்தும் வந்தது. மறதிநோயுற்ற முதியோருக்குச் சித்தப்பிரமை மருந்துகளைக் கொடுப்பது மரண அபாயத்தைக் கூட்டும் என்று 2005 இல் அந் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. எச்சரிக்கையின் பின்னும் அவ் வழக்கம் அற்றுப் போகவில்லை. கண்ணுக்குத் தெரியும் கயிற்றினும் கண்ணுக்குத் தெரியாத கயிறு நிர்வாகத்திற்கு உகந்தது.

இவ்வாறு கூறுவதைக் கேட்டு, 'நடக்க விடுங்கள், விழுந்தால் விழட்டும், அதுவே மனித கண்ணியம்' என்று முழங்குவோரும் இருக்கின்றனர். றொபேட் பேஸ்க் என்னும் அமெரிக்கர் 1972 இல், மனவளர்ச்சி குன்றியோரை அளவுமீறிப் பாதுகாப்பது அவர்களின் மனிதத்தன்மையைக் குறைக்கின்றது என்று வாதித்து, ஆபத்தை ஏற்பதிலும் ஒரு கண்ணியம் உண்டு என்று எழுதினார். அக் கருத்து உயர்ந்தது. ஆனால் உயர்ந்த கருத்துக்கள் எவர் கையில் எவ்வாறு பயன்படுகின்றன என்பதையும் பார்க்க வேண்டும். அதே நாட்டில் மனநோயாளரின் சுதந்திரம் என்னும் பெயரில் 1960கள் தொடக்கம் பெரும் வைத்தியசாலைகள் காலியாக்கப்பட்டபோது, அவர்களுக்கென வாக்களிக்கப்பட்ட சமூக நிலையங்கள் போதிய அளவில் கட்டப்படவில்லை. பலர் தெருவுக்கும் சிறைக்கும் போய்ச் சேர்ந்தனர். கட்டிவைத்தலும் மலிவு, கைவிடுதலும் மலிவு. ஒன்று பாதுகாப்பு என்னும் பெயரிலும் மற்றது சுதந்திரம் என்னும் பெயரிலும் நடைபெறுகின்றது. இரண்டிலும் மிச்சமாவது பணியாளரின் சம்பளம். மறதியுற்ற முதியவரின் சுதந்திரம் அவரைத் தனியே விடுவதிற் கிடைப்பதன்று. அவரோடு கூட நடக்கும் இன்னொருவரின் உழைப்பிலேயே கிடைப்பது. சுதந்திரம் என்பது பிறர் தலையிடாமை என்று மட்டும் கற்பித்த தனிமனிதவாத மெய்யியல் தடுமாறும் இடம் இதுவே.

அந்த உழைப்பை இன்று தருவோர் யார்? வீட்டில் என்றால் மகள், மருமகள், மனைவி. நிலையத்தில் என்றால் குறைந்த சம்பளம் பெறும் பெண். எமது நாட்டுப் பெண்கள் இத்தாலிக்கும் சைப்பிரசுக்கும் இஸ்ரவேலுக்கும் சென்று அந்நாட்டு முதியோரைக் குளிப்பாட்டி, உடுத்தி, கைப்பிடித்து நடத்துகின்றனர். அவர்கள் அனுப்பும் அந்நியச் செலாவணியை எமது பொருளாதார அறிக்கைகள் எண்ணிக் கூறுகின்றன. அவர்களிற் பலரின் தாயும் தந்தையும் ஊரிற் கதிரையில் இருத்திவைக்கப்பட்டிருப்பதை எந்த அறிக்கையும் எண்ணுவதில்லை. சமைத்து, துவைத்து, கூலிக்கும் போய் வந்து, ஒருத்தியாய் நின்று கிழவரைக் காக்கும் மருமகளிடம் 'அவரைக் கிழமைக்கு இரு முறை சமநிலைப் பயிற்சி செய்விக்க வேண்டும்' என்று உபதேசிப்பது கொடுமை. அவள் அவரை இருத்துவது அதிகாரத்தாலன்று. அவளுக்கு இரண்டு கைகளே உள்ளன என்பதாற்றான். குற்றவாளியைத் தேடுவோர் அவளைத் தாண்டிப் பார்க்க வேண்டும்.

எமது நாட்டில் 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் உண்டு. பெற்றோரைப் பிள்ளைகள் வேண்டுமென்றே புறக்கணித்தலாகாது என்று அது விதிக்கின்றது. தம்மைத் தாம் பராமரிக்க இயலாத முதியோர் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புக் கோரி முறையிடுவதற்கு ஒரு சபையையும் அமைத்துள்ளது. சட்டம் வேண்டியதே, அதனைக் குறைகூறவில்லை. ஆயின் சபை பணத்தை அறவிட்டுக் கொடுக்கும்; கைப்பிடித்து நடத்தும் ஒரு மணித்தியாலத்தை அதனால் அறவிட இயலாது. பின்லாந்தின் அந்த ஆய்வில் வீட்டுக்கு வந்த பயிற்சியாளர் தம்பதியரின் பிள்ளையுமல்லர், அவர்களின் செலவில் வந்தவருமல்லர். பிள்ளைப்பேற்றுக்குக் கிராமந்தோறும் அரசாங்கத்தின் மருத்துவமாது சென்ற பழக்கம் எமது நாட்டில் நீண்டகாலமாக உண்டு. மிதிவண்டியில் வந்து வீட்டு முற்றத்திற் குழந்தையை நிறுத்துப் பார்த்த அம் மாதரால் இந் நாட்டின் தாய் சேய் மரணம் எவ்வளவு குறைந்தது என்பது உலகம் அறிந்தது. அதே முற்றத்தில், அதே வழியில், முதியவரை எழுப்பி நடத்துவதற்கும் ஒருவரை அனுப்பலாம். அதற்குப் பணமில்லை என்று கூறப்படுமாயின், எதற்கெல்லாம் பணம் இருந்தது என்று வரவு செலவுத் திட்டத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்கும் பொறுப்பு எமது தொழிற்சங்கங்களுக்கும் மாணவர் சங்கங்களுக்கும் உண்டு.